நாலு மணிக்குப் பூட்டும் சுரங்கம்

ரோஸ்விதாவிடம் சுரங்கத்தின் சாவியைக் கொடுத்தது தப்பு என்று ஹெல்டன் ஊரில் பாதிப் பேர் சொல்வார்கள். அவளிடம் கொடுத்ததால்தான் வவ்வால்கள் பிழைத்தன என்பார்கள் மீதிப் பேர். நகராட்சி அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கவுன்டரில் உட்கார்ந்திருந்தவள் அவள். பகல் பன்னிரண்டு அடித்தால் கண்ணாடிக் கதவை இறக்கிவிடுவாள். வெளியே நிற்பது மேயராக இருந்தாலும் சரி, மாமியாராக இருந்தாலும் சரி. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கைக்கு ஒரு வேலை வேண்டாமா? சுரங்கம் கிடைத்தது.

ரயில் நின்று நாற்பது வருஷமான பாதை. தண்டவாளத்தைப் பிடுங்கித் தார் போட்டு சைக்கிளுக்கென்று விட்டுவிட்டார்கள். கார் கிடையாது, லாரி கிடையாது. அந்த மலைநாட்டில் மூச்சு வாங்காமல் மிதிக்க அது ஒன்றுதான் வழி. ரயிலுக்கு ஏற்றம் ஆகாது என்பதால் பாதையும் மலைகளைச் சுற்றிச் சுற்றி நைசாகப் போகும். எர்லன் மலை குறுக்கே நிற்கிற இடத்தில் மட்டும் எழுநூறு மீட்டர் நீளத்துக்குச் சுரங்கம். குளிர்காலம் முழுக்க அது வவ்வால்கள் தூங்குகிற இடம். அக்டோபர் கடைசி ஞாயிறு மாலை நாலு மணிக்கு இரண்டு பக்கத்துக் கம்பிக் கதவுகளையும் பூட்டினால் ஏப்ரல் முதல் தேதிதான் திறப்பார்கள். அதற்குப் பிறகு மறுபக்கம் போக நினைப்பவர்கள் மலைமேல் கார்ச்சாலையில் ஏறி இறங்க வேண்டும். நாலு கிலோமீட்டர், நெஞ்சை அடைக்கும் மேடு.

போன வருஷம் நடந்ததை ஊர் இன்னும் மறக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த ஏழெட்டுப் பேர் கடைசி வளைவில் கையை ஆட்டிக்கொண்டே வந்தார்கள். மணி நாலு இரண்டு. பூட்டு விழுந்தாயிற்று. பூட்டிய கதவுக்கு முன்னால் சாவியோடு அவள், எதிரே அவர்கள். ஒருவர் கெஞ்சினார், ஒருவர் கத்தினார், ஒரு பெண்மணி அழுதேவிட்டார். ரோஸ்விதா அறிவிப்புப் பலகையை விரலால் காட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். இரண்டு நிமிஷம்தானே, திறந்துவிட்டிருக்கலாமே என்று அன்று வீட்டில் எக்கார்ட் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"வவ்வாலுக்குக் கைக்கடிகாரம் இல்லை, எக்கார்ட். எனக்கு இருக்கு" என்றாள் அவள். இந்த வசனம் ஊர் மதுக்கடையில் ஆறு மாதம் ஓடியது.

எக்கார்ட் அவள் கணவர். அறுபத்தேழு வயது. மலைக் கிராமங்களுக்கெல்லாம் சைக்கிளிலேயே தபால் கொண்டுபோனவர். எவ்வளவு செங்குத்தான ஏற்றமானாலும் இறங்கித் தள்ள மாட்டார். தள்ளுகிறவர்களைப் பார்த்தால் சைக்கிள் உன்னை ஓட்டுகிறதா என்று கேட்டுவிட்டுப் போவார். அவர் வயசுக்காரர்கள் எல்லாரும் பேட்டரி சைக்கிளுக்கு மாறிவிட்டார்கள், ரோஸ்விதாவே ஒன்று வாங்கிவிட்டாள், அவர் மட்டும் மாறவில்லை. கேட்டால், செத்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்பார். ஜூன் மாதம் வரைக்கும் அது வேடிக்கைப் பேச்சாகத்தான் இருந்தது.

ஜூனில் ஒரு நாள் காலை குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துப் போனவர், அப்படியே தொட்டிமேல் சாய்ந்துவிட்டார். இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு. இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆறு வாரம் கழித்து, சைக்கிள் ஓட்டலாம், ஆனால் மேடு கூடாது என்றார் டாக்டர். ரயில் பாதை சரி, மலைச்சாலை வேண்டவே வேண்டாம், மீறி ஏறினால் நான் பொறுப்பில்லை. அவர் இதைச் சொல்லும்போது எக்கார்ட் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோஸ்விதா ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் கண் அவர்மேலேயே இருந்தது. அவர் குளியலறையில் கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுத்தால் கதவைத் தட்டுவாள். "உயிரோடதான் இருக்கேன், ஷேவ் பண்ணிட்டிருக்கேன்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். விறகைத் தொடக் கூடாது, பனிக்காலத்தில் மண்வெட்டியைத் தொடக் கூடாது என்று பட்டியல் நாளுக்கு நாள் நீண்டது. எக்கார்ட் இதையெல்லாம் சிரித்துச் சமாளித்தார். சிரிப்புக்கும் ஓர் அளவு உண்டல்லவா, அது அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் தீர்ந்துபோயிற்று.

குளிர்காலம் வருகிறதென்று நாடு முழுக்க எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கிற இரவு அது; வசந்தத்தில் மறுபடி முன்னால் தள்ளுவார்கள். அந்த வீட்டில் கடிகாரங்களை மாற்றுவது முப்பத்தெட்டு வருஷமாக எக்கார்ட்டின் வேலை. அலமாரிக்கு மேலே மாட்டியிருக்கும் சமையலறைக் கடிகாரம், படுக்கையறை அலாரம், கை கழுவும்போது அவள் கழற்றி வைக்கும் கைக்கடிகாரம் என்று எல்லாவற்றையும் அவரே தள்ளி வைத்துவிடுவார். வழக்கம் போல முக்காலியைப் போட்டு ஒரு காலை எடுத்து வைத்தார். ரோஸ்விதா ஓடி வந்து சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டாள். தலை சுற்றினால் என்ன ஆவது, விழுந்தால் யார் தூக்குவது என்று கேட்டாள்.

எக்கார்ட் முக்காலியைச் சுவரோரம் வைத்தார். "அப்போ எல்லாத்தையும் நீயே மாத்திக்கோ. எனக்கு இந்த வீட்டுல மூச்சு விடுற வேலை மட்டும்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்த் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தார். காலையில் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள் ரோஸ்விதா.

காலையில் வேறு சண்டை வந்தது. மேற்கே இருபது கிலோமீட்டர் தள்ளி, ப்ரைட்டன்பாக்கின் பழைய ரயில் நிலையத்தில் ஒரு காபிக்கடை. பாதையை ஒட்டிப் பிழைக்கிற கடை அது. சுரங்கம் பூட்டும் நாளோடு அதுவும் பூட்டிவிடும். கடைசி நாளில் ப்ளம் கேக் சாப்பிடப் போவது எக்கார்ட்டின் வழக்கம். இந்த வருஷமும் போவேன், தனியாகப் போவேன் என்றார். டாக்டர் அனுமதித்த பாதைதானே, அவளால் மறுக்க முடியவில்லை. நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் அடித்துக்கொள்ளும் மருந்து பையில் இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தாள். போன் முழுக்க சார்ஜ் ஆகியிருக்கிறதா என்று பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாளே தவிர மாற்ற மறந்துபோனாள்.

"நாலு மணிக்குள்ள சுரங்கத்தைத் தாண்டிடணும். அப்புறம் புருஷன்னு எல்லாம் பாக்க மாட்டேன்" என்றாள் வாசலில்.

"அது தெரியாதா? ஊருக்கே தெரியும்" என்று சொல்லி, மஞ்சள் ஜாக்கெட்டின் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு கிளம்பினார் எக்கார்ட்.

சுரங்கத்தைப் பூட்ட ஒவ்வொரு வருஷமும் இரண்டு பேர் வேண்டும். வவ்வால் கணக்கெடுக்கும் குழுவில் இருக்கிற அல்முட் மேற்குக் கதவைப் பூட்டிக்கொண்டு, மணியை அடித்தபடி உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டே வருவாள். அவள் வெளியே வந்ததும் ரோஸ்விதா கிழக்குக் கதவைப் பூட்டுவாள். இந்த முறை அல்முட்டுக்குக் காய்ச்சல். தான் ஒருத்தியே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள் ரோஸ்விதா. பேட்டரி சைக்கிளில் சுரங்கத்தைக் கடந்து மேற்குப் பக்கம் வந்து சேர்ந்தபோது அவள் கைக்கடிகாரத்தில் மணி மூன்று ஐம்பது.

பாதை வெறிச்சென்று கிடந்தது. காட்டு மரங்களிலிருந்து இலை விழுந்துகொண்டே இருந்தது. தூரத்து வளைவில் மஞ்சள் ஜாக்கெட் தெரிகிறதா என்று பார்த்தாள், தெரியவில்லை. போன் போட்டாள், அந்தப் பள்ளத்தாக்கில் எந்த போனுக்கும் உயிர் இருக்காது என்று தெரிந்தும் போட்டாள். தனியாக வந்த ஒரு ஆள், அவள் பூட்டோடு நிற்பதைப் பார்த்து சைக்கிளை நிறுத்தினான்.

"ஏங்க, அதுக்குள்ளயா பூட்டப் போறீங்க?"

வருஷா வருஷம் கேட்கிற முனகல்தானே என்று நினைத்தாள். போகிறவர் போகலாம், இன்னும் எட்டு நிமிஷம் இருக்கிறது என்று வெடுக்கென்று சொன்னாள். அவன் தன் போனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போனான்.

நாலு மணி ஆயிற்று. ரோஸ்விதா தன் வாழ்க்கையில் செய்யாத ஒன்றைச் செய்தாள்: காத்திருந்தாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். போன வருஷம் அழுத பெண்மணியின் முகம் ஞாபகம் வந்தது. அந்த அம்மாளுக்கு இரண்டு நிமிஷம் தராதவள் தன் புருஷனுக்கு எத்தனை தருவது? காத்திருக்கக் காத்திருக்கப் பயமும் கோபமும் மாறி மாறி வந்தன. கேக்கை முழுங்கிவிட்டு யாரோடாவது வாயாடிக்கொண்டிருப்பார் என்று ஒரு நிமிஷம் பல்லைக் கடித்தாள். பாதையோரம் எங்காவது விழுந்து கிடப்பாரோ என்று அடுத்த நிமிஷம் மறுபடி வளைவை எட்டிப் பார்த்தாள். விழுந்து கிடந்தால் பின்னால் வருகிறவர்கள் பார்த்திருப்பார்கள், அந்த ஆள் சொல்லியிருப்பான். அப்படியானால் அவர் காபிக்கடையில்தான் இருக்க வேண்டும். அங்கே நேரம் போனது தெரிந்தால் யாராவது காரில் ஏற்றிவிடுவார்கள். புத்தி உள்ளவர், மலை ஏற மாட்டார். இப்படித் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டு ஏழாவது நிமிஷத்தில் பூட்டைப் போட்டாள். சாவியைத் திருப்பும்போது மனசு ஏதோ சொன்னது. அது என்ன சொல்கிறது என்று நின்று கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

சுரங்கத்துக்குள் மணியை அடித்துக்கொண்டே மெதுவாக வந்தாள். விளக்கு வெளிச்சத்தில் சுவரின் ஒவ்வொரு ஒதுக்கிடத்தையும் பார்த்தாள். யாரும் இல்லை. கிழக்குக் கதவைப் பூட்டிவிட்டு, ஒரு சாவியைக் கொடுப்பதற்காக நேரே அல்முட் வீட்டுக்குப் போனாள். பழைய நிலையத்தை ஒட்டிய வீடு, ஐந்து நிமிஷ தூரம்.

அல்முட் குளியல் அங்கியோடு, மூக்குச் சிவந்து, கையில் டீக்கோப்பையோடு கதவைத் திறந்தாள். சாவியைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"என்ன ரோஸி, அதுக்குள்ள முடிச்சிட்டியா? மணி மூணரைதானே ஆகுது."

ரோஸ்விதா மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். நாலு முப்பது.

அல்முட் அதைப் பார்த்தாள். ஒரு நொடி சிரிப்பு வந்தது அவளுக்கு. "அடியே, நேத்து மணியை மாத்தலையா நீ? நீயா?" என்றவள், ரோஸ்விதாவின் முகம் போன போக்கைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. இரண்டு நிமிஷத்துக்காக எட்டுப் பேரை மலை ஏற்றியவள், ஒரு மணி நேரம் முன்னதாகப் பூட்டிவிட்டு வந்து நிற்கிறாள். ஊர் கேட்டால் சிரிக்கும், சிரித்துவிட்டுப் போகட்டும். ரோஸ்விதாவுக்கு ஊர் ஞாபகமே வரவில்லை. எக்கார்ட்டின் போன் தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும் போன். நாலு வரைக்கும் சுரங்கம் திறந்திருக்கும் என்று நம்பி, கேக்கை முடித்துக்கொண்டு, நிதானமாக வந்துகொண்டிருப்பார். ஒருவேளை இந்த நிமிஷம் பூட்டின கதவுக்கு முன்னால் நிற்பார். அப்புறம்? அப்புறம் மலைதான்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் அல்முட் கார் சாவியை எடுத்துவிட்டாள். தான் மலைச்சாலை வழியாக மேலேறி அந்தப் பக்கம் இறங்குவதாகவும், ரோஸ்விதா சுரங்கத்தின் வழியே போய்க் கதவைத் திறக்கட்டும் என்றும் சொன்னாள். நடுவில் எங்கே இருந்தாலும் இரண்டில் ஒருத்தி பிடித்துவிடலாம். நல்ல யோசனைதான். ஆனால் ரோஸ்விதாவின் கை சாவித் துவாரத்தைக் கண்டுபிடிக்கவே அரை நிமிஷம் ஆயிற்று. கிழக்குக் கதவை அப்படியே திறந்துபோட்டுவிட்டு உள்ளே பாய்ந்தாள். வரும்போது மெதுவாக வந்த சுரங்கம் போகும்போது முடியவே இல்லை. "சாமி, அவரை இருக்கச் சொல்லுங்க, அங்கேயே நிக்கச் சொல்லுங்க" என்று வாய்விட்டுச் சொன்னாள். கோவிலுக்குக் கிறிஸ்துமஸ் அன்று மட்டும் போகிறவள் அவள்.

மேற்குக் கதவில் ஆள் தெரிந்தது. கிட்டே போனால், எக்கார்ட் இல்லை. முப்பது வயசு மதிக்கத்தக்க ஒரு ஜோடி. அறிவிப்புப் பலகையைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் அந்தப் பெண் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் பூட்டுறவங்களா? போர்டுல நாலு மணின்னு நீங்களே எழுதி வெச்சிருக்கீங்க. இப்ப மணி என்ன?"

ரோஸ்விதா பூட்டைத் திறந்துகொண்டே, தப்பு தன்னுடையது என்றாள். அப்படி ஒரு வாக்கியத்தை அவள் கவுன்டருக்கு எந்தப் பக்கம் நின்றும் சொன்னதில்லை. அந்தப் பெண்ணின் கோபம் சட்டென்று வடிந்துபோயிற்று. மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒருவரைப் பார்த்தீர்களா என்று ரோஸ்விதா கேட்டாள். பார்த்தோம் என்றான் கூட இருந்தவன். பத்து நிமிஷம் இருக்கும். பலகையில் இருக்கும் நம்பருக்கு சிக்னல் கிடைக்கிற இடத்திலிருந்து பேசிப் பார்க்கலாம், கொஞ்சம் இருங்கள் என்று தாங்கள் சொல்லிப் பார்த்ததாகவும் சொன்னான்.

"அது என் வீட்டு நம்பர்தான்னு சிரிச்சாரு. அப்புறம் மேல போற ரோட்டுல திரும்பிட்டாரு."

"ஏறிப் போனாரா, தள்ளிக்கிட்டுப் போனாரா?"

"ஏறித்தாங்க போனாரு."

ரோஸ்விதா நன்றிகூடச் சொல்லவில்லை. பேட்டரியை உச்சத்துக்கு வைத்து, பாதையை விட்டு மலைச்சாலையில் திரும்பினாள். சைக்கிளுக்கு பேட்டரி இருந்தும் அவளுக்கே மூச்சு இரைத்தது. இதைக் கால்பலத்தால் மட்டும் மிதிப்பதென்றால் என்ன ஆகும் என்று கணக்குப் போடாமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டு ஒட்டிப் போனது. முதல் வளைவில் யாரும் இல்லை. அதுவரை ஏறிவிட்டாரா என்று ஒரு பக்கம் நிம்மதி, அதுவரை ஏறிவிட்டாரே என்று ஒரு பக்கம் பயம். எந்த நிமிஷமும் சாலையோரப் பள்ளத்தில் மஞ்சளாக ஏதாவது தெரியும் என்று கண் அங்கேயே போயிற்று. தெரியக் கூடாது, தெரியக் கூடாது என்று மிதித்தாள்.

இரண்டாவது வளைவில் முதலில் சைக்கிள்தான் தெரிந்தது. புல்லில் படுத்துக் கிடந்தது. அதற்கு மேலே, கிலோமீட்டர் கல்லில் சாய்ந்தபடி எக்கார்ட் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஜாக்கெட் திறந்திருந்தது. முகம் சாம்பல் நிறம். கையில் அந்த மருந்துக் குப்பி.

அவள் சைக்கிளை நிறுத்தவில்லை, அப்படியே விழவிட்டுவிட்டு ஓடினாள். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"ரெண்டு தடவை அடிச்சேன். இப்போ பரவால்ல" என்றார். பரவாயில்லை என்று சொல்கிற குரல் இல்லை அது.

வலி இருக்கிறதா, எங்கே இருக்கிறது, கை மரத்துப்போகிறதா என்று டாக்டர் எழுதிக்கொடுத்த கேள்விகளை வரிசையாகக் கேட்டாள். ஏறக் கூடாது என்று தெரிந்தும் ஏன் ஏறினாய், தள்ளிக்கொண்டாவது வரக் கூடாதா என்று கேட்கும்போது குரல் உடைந்துவிட்டது.

தள்ளிக்கொண்டு வரத்தான் நினைத்தேன் என்றார் எக்கார்ட். தள்ளினால் ஒரு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் வரவில்லை என்றால் அவள் பயந்து செத்துவிடுவாள். அதனால் முதல் வளைவு வரைக்குமாவது மிதிக்கலாம் என்று ஏறியிருக்கிறார். பிறகு அடுத்த வளைவு வரைக்கும். சொல்லிவிட்டுக் கொஞ்சம் மூச்சு வாங்கினார். அவளை மிரளவிடாமல் இருப்பதற்காகத்தான் அவர் மிதித்திருக்கிறார். அவளுடைய பயம் முக்காலியிலிருந்து இறக்கி, மலையில் ஏற்றியிருக்கிறது அவரை. இதை நினைத்த மாத்திரத்தில் ரோஸ்விதாவுக்கு அந்தக் கல்லிலேயே தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"போன்ல மூணரைன்னு காட்டுச்சு, ரோஸி. கதவு பூட்டியிருக்கு. போன்தான் கெட்டுப்போச்சு, இல்லேன்னா என் புத்தி கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுலேர்ந்து பேரெல்லாம் மறக்குது எனக்கு. உங்கிட்ட சொல்லலை."

"போன் சரிதான். உன் புத்தியும் சரிதான்" என்றாள் ரோஸ்விதா. "நான் மணியை மாத்தலை. மறந்துட்டேன். ஒரு மணி நேரம் முன்னாடியே பூட்டிட்டேன்."

அவர் அவளையே பார்த்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். இரண்டும் செய்யவில்லை. அவருடைய தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியது, ஏதோ பெரிய சுமையை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி.

மேலிருந்து அல்முட்டின் கார் வந்தது. அவள் குளியல் அங்கிக்கு மேலே மழைக்கோட்டு மாட்டியிருந்தாள். ஒரு பார்வை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆம்புலன்ஸ் இந்த மலைக்கு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகும், தானே கொண்டுபோனால் இருபது நிமிஷம் என்று சொல்லிக் காரைத் திருப்பினாள். இரண்டு பேருமாக எக்கார்ட்டைத் தூக்கி முன் இருக்கையில் சாய்த்து உட்கார வைத்தார்கள். பின் இருக்கை முழுக்க மரப்பெட்டிகள், வவ்வால்களுக்காக மரங்களில் மாட்டுகிறவை. இடமே இல்லை.

கீழே பள்ளத்தாக்குக் கிராமத்திலிருந்து மாதாகோவில் மணி கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எக்கார்ட் கண்ணை மூடியபடியே எண்ணினார்.

"இப்பதான் நாலு. கதவு ரெண்டும் தொறந்து கெடக்குமே, ரோஸி. நீ போய்ப் பூட்டிட்டு வா. அல்முட் என்னைப் பாத்துக்குவா."

"கெடக்கட்டும்" என்றாள் ரோஸ்விதா.

அல்முட் திரும்பிப் பார்த்தாள். அவள் வவ்வால்காரி; அவளுக்கும் சொல்ல ஏதாவது இருந்திருக்கும். ரோஸ்விதா பின்கதவைத் திறந்து பெட்டிகளை எடுத்துப் புல்லில் போட்டாள், இரண்டை மடியில் வைத்துக்கொண்டு மிச்சமிருந்த இடத்தில் உடம்பைத் திணித்துக்கொண்டாள். இரண்டு சைக்கிள்களும் சாலையோரம் கிடந்தன. யாராவது எடுத்துப் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

கார் மலையேறியது. இருக்கைக்கும் கதவுக்கும் இடையே கையை விட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். விரலுக்கு அடியில் துடிப்பு இருந்தது, ஆனால் சீராக இல்லை. ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. எண்ண ஆரம்பித்தாள், ஒரு வளைவில் எண்ணிக்கை தப்பியது, மறுபடி ஆரம்பித்தாள். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொள்ள அவருக்குக் கை எழவில்லை.

உச்சியைத் தாண்டி இறங்கும்போது அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஏன் எக்கார்ட், அந்தப் புள்ளைங்க சொன்னாங்கதானே? அங்கேயே ஒரு பத்து நிமிஷம் உக்காந்திருக்கக் கூடாதா? நான் வந்து தொறந்திருப்பேனே."

எக்கார்ட் யோசித்தார். அவள் கேட்டதற்கு உண்மையிலேயே பதில் தேடித்தான் சொன்னார்.

"நீ வருவேன்னு எனக்குத் தோணவே இல்லை, ரோஸி."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்தவர், தெரிந்ததைச் சொன்னார். அல்முட் சாலையையே பார்த்து ஓட்டினாள். ரோஸ்விதா அவர் மணிக்கட்டை விடாமல், தப்பிப்போன எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.